ஊறியது யாருடைய தண்ணீர்?

2025 ஜூலை 24 காலை எங்கள் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவதைப் போட்டவன் மூன்றாவது மாடிப் பையன், கல்லூரியில் படிக்கிறான். நீல உருண்டையாகப் பூமி, அதன்மேல் பெரிய எழுத்தில் அன்றைய தேதி. ஓர் ஆண்டு முழுவதும் பூமியால் புதுப்பித்துத் தர முடிந்ததை நாம் அன்றோடு தின்று தீர்த்துவிட்டோம் என்று அதன் கீழே இருந்தது. இரண்டாவது, செயலாளர் சார் போட்டது: இன்று லாரி வராது, தண்ணீரைப் பார்த்துப் புழங்கவும். யாரோ ஒருவர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். சிரித்துவிட்டு நானும் போனைக் கீழே வைத்தேன். ஆனால் அன்று பூராவும் அந்த இரண்டு செய்திகளும் மனதில் ஒட்டிக்கொண்டே கிடந்தன. இரண்டும் ஒரே செய்திதானோ என்ற சந்தேகம்.

'எர்த் ஓவர்ஷூட் டே' என்கிற அந்தத் தேதி எப்படி வருகிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவரிடம் ஆய்வு செய்த மாத்திஸ் வாக்கர்நாகலும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய கணக்குமுறை அது. வயல், மேய்ச்சல் நிலம், காடு, மீன்பிடிக் கடல், கட்டடம் எழும்பிய இடம், நாம் விடும் கரியமில வாயுவை உறிஞ்சத் தேவைப்படும் காடு என்று எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிலமாக மாற்றிக் கூட்டுகிறார்கள். இன்றைய நம் புழக்கத்துக்கு ஏறக்குறைய 1.8 பூமி வேண்டும் என்று விடை வருகிறது. 365ஐ அதால் வகுத்தால் ஜூலைக் கடைசி. 1970களின் தொடக்கத்தில் இது டிசம்பர் கடைசியில் இருந்தது. கூட்டுத்தொகையில் பாதிக்கு மேல் கரியமில வாயுவின் பங்கு என்பதால், தேதி வந்த மறுநாள் அரிசியோ மீனோ தீர்ந்துபோய்விடாது. அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் செயலாளர் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் வங்கியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "புரியுதும்மா, வட்டி தீர்ந்துடுச்சு, இனிமே அசல்ல கை வைக்கிறாங்க. பேங்க்ல இப்படிப்பட்டவங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!" என்றார். சரியாகத்தான் பிடித்துக்கொண்டார். அதே மூச்சில், லாரிக்காரன் ஏமாற்றிவிட்டதால் பின்னால் இருக்கும் கிணற்றில் மோட்டாரை இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓட்டச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். "ஒண்ணும் ஆகாது. இறைக்கிற கிணறுதானே ஊறும்."

இந்தப் பழமொழிதான் என்னைப் பல வருஷமாகப் படுத்தி எடுக்கிறது. இதை முதலில் எனக்குச் சொன்னவர் பாட்டி.

அறுபது வாளி

இப்போது எட்டு வீடுகள் நிற்கும் இந்தத் திருவான்மியூர் மனை, இரண்டு கிரவுண்டு (4,800 சதுர அடி), ஒரு காலத்தில் தாத்தாவுடையது. 1968இல் வீடு கட்டும் முன்பே கிணறு எடுத்தார்கள். இந்தப் பக்கம் கடல் மணல் என்பதால் தோண்டத் தோண்டச் சரியும். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி எடுத்த நாலடி அகலக் கிணறு. ராட்டினம், தாம்புக்கயிறு, இரும்பு வாளி. வாளி அறுந்து விழுந்தால் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பாதாளக் கரண்டி இரவல் வாங்க வேண்டும். ஒரு சொம்போ பாத்திரமோ ஈடாகக் கேட்பார்கள். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் சொம்பு திரும்ப வரும்.

வீட்டில் ஏழு பேர். பாட்டியின் கணக்கு, ஒரு நாளைக்கு அறுபது வாளி. அதற்கு மேல் அவரும் இறைக்க மாட்டார், யாரையும் இறைக்க விடவும் மாட்டார். சிக்கனம் என்று இதைச் சொல்ல முடியாது. தோள் வலி. தண்ணீர் மேல் எங்களுக்கிருந்த மரியாதை எல்லாம் உண்மையில் பாட்டியின் வலது தோள்மேல் இருந்த மரியாதைதான். ஆனாலும் கோடையில் நாங்கள் தயங்கி நின்றால் அதட்டுவார். "எறைக்கிற கெணறுதான் கண்ணு ஊறும். போட்டு வெச்சா நாறித்தான் போகும்." இந்தச் சொல்லில் பிழை எதுவும் இல்லை என்பதை மிகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். கிணற்றில் மட்டம் இறங்க இறங்க, சுற்றியுள்ள மணலிலிருந்து தண்ணீர் வேகமாக உள்ளே வரும். உள்ளே வரும் வழியில் அடைத்திருக்கும் நுண்மண்ணும் கலைந்து போகும். புழங்காத கிணற்றில் ஊற்றுக்கண் தூர்ந்துபோவதும் தண்ணீர் கெட்டுப்போவதும் கண்ணால் பார்த்தது.

1981இல் மோட்டார் வந்தது. அன்றைக்குப் பாட்டி பூஜையறையிலிருந்து குங்குமம் கொண்டுவந்து அதற்கு இட்டார். இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கும். நாற்பது வருஷத் தோள் வலிக்கு விடுதலை அது. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. கயிற்றையும் வாளியையும் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை இழுக்காதவர்கள். மோட்டார் வந்த பிறகும் பாட்டி அதே பழமொழியைச் சொன்னார். அதைக் கொஞ்சம் பெருமையோடு சொன்னார் என்பதுதான் ஒரே வித்தியாசம். மேல்தொட்டி அரை மணியில் நிரம்பும், சாயங்காலத்துக்குள் கிணற்றில் மட்டம் ஏறிவிடும். பழமொழி மெய்தானே என்றே எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. அப்புறம் 1998இல் மனையைக் கட்டுநரிடம் கொடுத்து எட்டு வீடுகள் ஆனபோது, சம்ப்புக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் கிணறு எப்படியோ தப்பித்துக்கொண்டது. மேலே கம்பி வலை போட்டார்கள். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மொட்டைமாடிக் குழாயை அதற்குள் திருப்பிவிட்டார்கள். அதோடு அதை எல்லாரும் மறந்தார்கள்.

மூன்று விரற்கடை

2019 ஜூன் மாதத்தை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரியும் விளையாட்டு மைதானம் போல் கிடந்தன. நாளுக்கு 83 கோடி லிட்டர் தந்துகொண்டிருந்த நகரம் 52 கோடியில் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்குப் பதிவு செய்தால் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாத நிலை. அப்போதுதான் கிணற்றின் நினைவு வந்து, தூர் வார ஒரு பெரியவரைக் கூட்டிவந்தோம். அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லி உடம்பு, காதில் பீடி. உள்ளே இறங்கி இரண்டு நாளில் சேறும் பிளாஸ்டிக்கும் ஒரு பழைய டென்னிஸ் பந்தும் வெளியே அனுப்பினார். அடியில் இரண்டடித் தண்ணீர் நின்றது. மோட்டார் பத்தே நிமிஷத்தில் அதை உறிஞ்சிவிட்டுக் காற்றைக் குடித்துக் கத்தியது. அரை மணிக்கு ஒரு தரம் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தரமும் கத்தியது.

பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மோட்டாரை நிறுத்துங்கம்மா. ஒரு மணி நேரம் யாரும் கெணத்தைத் தொடாதீங்க" என்றார். உள்ளே இறங்கி உறையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மேலே வந்து வாசற்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார். எட்டு வீட்டுக்காரர்களும் சுற்றி நின்றோம், ஏதோ பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பது போல. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறங்கி, கோட்டுக்கு மேல் விரலை வைத்துப் பார்த்துச் சொன்னார்: "மூணு வெரக்கடை."

அங்கேயே போனில் கணக்குப் போட்டேன். நாலடி அகலக் கிணற்றில் மூன்று விரற்கடை என்றால் சுமார் 60 லிட்டர். மணிக்கு 60. இரவும் பகலும் விடாமல் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு 1,400 லிட்டர். எட்டு வீட்டில் முப்பத்திரண்டு பேர். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் வேண்டும் என்ற அரசு அளவுப்படி எங்கள் தேவை 4,320. மூன்றில் ஒரு பங்கு. இந்தத் தொகையைச் சொன்னதும் எல்லாரும் கிணற்றைத்தான் குறை சொன்னார்கள். கிணறு செத்துப்போச்சு என்றார் ஒருவர். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "கெணறு ஒண்ணும் கெட்டுப் போகலை. அது பாட்டுக்கு ஊறிக்கினுதான் கீது. நீங்கதான் அதை நிக்க விடலை" என்றார்.

செயலாளர் சார் விடவில்லை. "ஏன்யா, இறைக்கிற கிணறுதானே ஊறும்? நல்லா இறைச்சா வேகமா வரும்ல?"

"வரும் சார்" என்றார் பெரியவர் நிதானமாக. "பக்கத்து வூட்டுக் கெணத்துலேர்ந்து வரும். நைட்ல அவரு மோட்டார் போட்டாருன்னா உங்களுது அங்க போவும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார், எல்லாரும் சிரிக்கவும் செய்தோம். ஆனால் எனக்கு அந்த இடத்தில் பாட்டியின் பழமொழி உடைந்து இரண்டாகிவிட்டது. ஐம்பது வருஷமாக நாங்கள் 'ஊறியது' என்று சொல்லிக்கொண்டிருந்தது பெரும்பாலும் நகர்ந்து வந்தது. ஒரு கிணற்றில் மட்டம் இறங்கினால் சுற்றிலும் மணலுக்குள் ஒரு பள்ளம் விழுகிறது, புனல் போல. அக்கம்பக்கத்துத் தண்ணீர் அந்தச் சரிவில் இறங்கி வருகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு அது புதுத் தண்ணீர். இந்தத் திருவான்மியூர் மணலுக்கு மொத்தமாகப் புதுத் தண்ணீர் என்பது மேலிருந்து விழுவது மட்டும்தான். தெருவில் நாலு கிணறும் நாலு ஜோடித் தோள்களும் இருந்தவரை இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

எங்கள் மனையின் தேதி

ஜூலை 24 இரவு, தூக்கம் வராமல், மூன்றாவது மாடிப் பையனின் பூமி உருண்டைக்குச் செய்த கணக்கை எங்கள் மனைக்குச் செய்து பார்த்தேன். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. இரண்டு கிரவுண்டு மேல் அது முழுக்க விழுந்தால் 6,24,000 லிட்டர். நாளுக்கு 4,320 என்றால் 144 நாள். ஜனவரி முதல் தேதியில் தொடங்கினால் மே 24இல் தீர்ந்துவிடும். ஆனால் விழும் மழை முழுவதும் மண்ணுக்குள் இறங்காது. கான்கிரீட், வெயில், தெருவுக்கு ஓடுவது எல்லாம் போகப் பாதி இறங்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். 72 நாள். மார்ச் 13.

எங்கேயோ பார்த்த தேதியாக இருக்கிறதே என்று தேடினால், உலகத்தார் எல்லாரும் அமெரிக்கர்களைப் போல வாழ்ந்தால் 2025இல் பூமி தீரும் தேதியாகப் போட்டிருந்ததும் மார்ச் 13. தற்செயல்தான். ஒன்று மழைக் கணக்கு, மற்றது நிலக் கணக்கு. அந்த நிலக் கணக்கில் நிலத்தடி நீர் நேரடியாக வருவதே இல்லை. இருந்தாலும் சிறிது நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பாட்டிக்கும் போட்டுப் பார்த்தேன். அறுபது வாளி, வாளிக்குப் பத்து லிட்டர், நாளுக்கு 600. பாதி மழை மட்டும் இறங்கினாலே 520 நாளைக்கு வரும். ஆண்டில் 365 நாள்தானே? பாட்டி வீட்டுக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. நாடு நாடாக இப்படித் தேதி போடும் பட்டியலில் இந்தியாவுக்கும் இன்றுவரை தேதி கிடையாது. இந்தியர்களின் சராசரிப் புழக்கம், பூமியைத் தலைக்குத் தலை பங்கிட்டால் கிடைப்பதை விடக் குறைவு. ஆனால் சராசரி என்பது என் குளியலறையையும் தெருக்குழாயில் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசை நிற்பவர்களையும் சேர்த்துக் கலக்கி ஊற்றுவது. அந்த ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொண்டு 'நமக்குத் தேதியே இல்லை' என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 2020 ஊரடங்கில் உலகத்தின் தேதி ஆகஸ்ட் 22க்குத் தள்ளிப்போனது. அதே மாதங்களில் எங்கள் அடுக்ககத்தின் லாரி எண்ணிக்கை கூடியது. எல்லாரும் வீட்டில் இருந்தோமே.

சரி, மார்ச் 13க்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் குளிக்காமல் இல்லை. எங்கிருந்து வருகிறது? மெட்ரோ வாட்டர் ஒரு பங்கு தருகிறது, அது பூண்டியிலும் செம்பரம்பாக்கத்திலும் பெய்த மழை, வீராணத்துத் தண்ணீர், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல். மீதிக்கு 2019 ஆகஸ்டில் ஆழத்தை நாடினோம். பெரியவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்த அதே ஆட்கள் கூட்டம் போட்டு, ஒருமனதாக, 200 அடிக்கு போர் இறக்கினோம். நானும் கை தூக்கினேன். முதல் இரண்டு வாரம் இளநீர் மாதிரி வந்தது. மூன்றாவது வாரம் குழாய் முனையில் வெள்ளை பூத்தது, நாலாவது வாரம் வாயில் வைக்க முடியவில்லை. கடல் இங்கிருந்து நடக்கிற தூரம். நல்ல தண்ணீரை உறிஞ்சிய இடத்துக்கு அது வந்து உட்கார்ந்துவிட்டது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் இது எங்களுக்கு முன்பே, பெரிய அளவில் நடந்தது. 1960களில் அங்கே வரிசையாகக் குழாய்க் கிணறுகள் இறக்கித் தண்ணீர் எடுத்தார்கள். பல கிலோமீட்டர் தூரம் நிலத்தடியில் கடல் உள்ளே வந்துவிட்டது. 2010இல் அதே மீஞ்சூரை ஒட்டிய காட்டுப்பள்ளியில், நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். மண் இலவசமாகச் செய்துகொண்டிருந்த காரியத்தை மின்சாரம் கொடுத்துச் செய்கிறோம்.

போருக்குப் பூட்டுப் போட்ட பின் நிரந்தரமாக லாரி. 12,000 லிட்டர். ஓட்டுநரிடம் ஒருநாள் எங்கேயிருந்து தம்பி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கேளம்பாக்கம் தாண்டி உள்ளே, ஒரு கழனிக் கிணறு என்றார். கழனியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் போடலைங்க. தண்ணிதான்." பெரியவர் சொன்ன பக்கத்து வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். 2019 ஜூலை 12இல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தபோது அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தது. பணக்கார நாடுகள் மரத்துக்கும் சோயாவுக்கும் மீனுக்கும் இதைத்தான் செய்கின்றன. தன் கிணறு ஊறிக்கொண்டே இருப்பதாகத் தெரியும்வரை யாருக்கும் எதுவும் உறுத்தாது. மொத்தப் பூமிக்கும் கணக்குப் போடும்போது மட்டும்தான் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாமல் போகிறது. அந்த உருண்டைப் படத்தின்மேல் எனக்கு ஆயிரம் புகார் உண்டு. மீனையும் கரியமில வாயுவையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குகிறது, 'மனிதர்கள்' என்று பொதுவாகச் சொல்லிப் பழியைப் பங்கு போடுகிறது. ஆனால் இந்த ஒன்றுக்காக அதை மன்னிக்கத் தோன்றுகிறது.

நோட்டுப் புத்தகம்

ஜூலையிலிருந்து ஒரு வேலை தொடங்கினேன். ஞாயிறுதோறும் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் விட்டு, விளிம்பிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று ஒரு நோட்டில் எழுதுவது. முதல் வாரம் 14 அடி. ஆகஸ்ட் நடுவில் ஒரு மழைக்குப் பிறகு 13. செயலாளர் சாருக்கு இது பிடித்துப்போய், பாஸ்புக் போல அதை அவ்வப்போது கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

ஆகஸ்ட் கடைசியில் பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டுப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். கார் நிறுத்தக் கீழே இரண்டு தளம் வருகிறதாம். இந்த மணலில் பத்தடி போனாலே தண்ணீர் ஊறும். அது காய்ந்திருந்தால்தான் கான்கிரீட் போட முடியும் என்று பள்ளத்தைச் சுற்றிக் குழாய்களை இறக்கி, இரவு பகலாக பம்ப் போட்டு, தெருவின் மழைநீர் வடிகாலில் விட்டார்கள். கண்ணாடி மாதிரி தண்ணீர், கால் வைத்தால் சில்லென்று. பூக்காரம்மா அதில் வாளியைக் கழுவிக்கொண்டார். அந்த ஞாயிறு கயிறு 16 அடிக்குப் போனது. அடுத்த ஞாயிறு 18. அதற்கடுத்த ஞாயிறு கல் ஈர மணலைத் தொட்டது.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கட்டட எஞ்சினியரைப் பார்த்தேன். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "இன்னும் மூணு வாரம்தான் மேடம். அப்புறம் நிறுத்திட்டா தானா ஊறிடும்." செயலாளர் சார் என்னைவிடக் காரியக்காரர். ஒரு நீளமான ஹோஸ் வாங்கிவந்து, அந்த பம்ப்பின் வாயிலிருந்து சுவர் தாண்டி எங்கள் சம்ப்புக்கு இழுத்துவிட அனுமதி கேட்டார். தாராளமா எடுத்துக்குங்க சார், எங்களுக்குத் தண்ணி போனா போதும் என்றான். அன்று மாலை குழுவில் செய்தி வந்தது: மறு அறிவிப்பு வரும்வரை லாரி இல்லை. எட்டு வீட்டிலிருந்தும் கைகூப்பும் பொம்மைகள்.

மறுநாள் காலை குளிக்கும்போதுதான் கவனித்தேன். சோப்பு அப்படி நுரைத்தது. லாரித் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்குமே தவிர நுரைக்காது. வாயில் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான்.